பாதியில் நிற்கும் ஏணி

கொச்சி மட்டாஞ்சேரியில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்த மாணவி ஒருவர், கல்லூரியில் இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்முறை வகுப்பில் ஊசலின் அலைவு நேரத்தை அவர் சரியாகவே கணக்கிட்டுவிடுவார். இரு அளவீடுகள் ஏன் வேறுபட்டன என்று பதிவேட்டில் ஆங்கிலத்தில் விளக்க வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. பக்கத்து மேசைப் பதிவேட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் தொடங்குவதும் அங்கேதான். தமிழகத்து மாணவர்களின் நிலையும் இதிலிருந்து மாறுபட்டதல்ல.

ஆங்கில வழிப் பாடமாயினும் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல யோசனைதான். ஆனால், பட்டம் பெற்ற பிறகு அந்த மாணவி எங்கே போவார்? ஐ.ஐ.டி.க்களில் முதுநிலை அறிவியல் படிப்பில் சேர்வதற்கான 'ஜாம்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. 'நெட்' வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. தமிழிலோ மலையாளத்திலோ வருவதில்லை. அதை நடத்தும் அதே தேசியத் தேர்வு முகமைதான் 'நீட்' தேர்வை 13 மொழிகளில் நடத்துகிறது. மருத்துவம் படிக்க விரும்புவோருக்கு முடிவது, ஆராய்ச்சி செய்ய விரும்புவோருக்கு ஏன் முடியாது? இந்தி பேசும் மாணவருக்கு உள்ள வசதி மற்றவர்களுக்கு மறுக்கப்படுவதை என்னவென்று சொல்வது?

இந்திய மொழிகளில் அறிவியல் எடுபடாது என்போர், கொச்சியின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். டச்சு ஆளுநர் வான் ரீட் இங்கிருந்து தொகுப்பித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் மூலவளம், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் மலையாளத்தில் சொன்ன மூலிகை அறிவு. கொங்கணி வைத்தியர் மூவரும் துணை நின்றனர். அவர்கள் சொன்னது போர்த்துகீசியம் வழியாக லத்தீனுக்குச் சென்றது. தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலாலின் பல்லாண்டு உழைப்பால் ஆங்கிலத்தில் 2003-லும் மலையாளத்தில் 2008-லும் அது திரும்பி வந்தது. சொன்னவரின் மொழிக்கே அந்த அறிவு திரும்ப 330 ஆண்டுகள்!

உலக அறிவியலின் மொழி ஆங்கிலம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அதைக் கற்கவே வேண்டும். ஆனால், கற்கும் காலத்தில் மாணவருக்கு ஓர் ஊன்றுகோல் தேவை. கல்லூரிப் பாடநூல்களை இந்திய மொழிகளில் மின்னணு வடிவில் தரும் 'பாரதிய பாஷா புஸ்தக்' திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. எந்த மொழியில், எந்த அறிவியல் பாடத்துக்கு, எப்போது நூல் வரும் என்ற பட்டியலையும், 'ஜாம்', 'நெட்' வினாத்தாள்கள் எட்டாவது அட்டவணை மொழிகளில் வரும் ஆண்டையும் மத்திய கல்வி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அறிவிக்க வேண்டும். தமிழக, கேரள உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இதைக் கேட்டுப் பெற வேண்டும்.