உறைந்த பணம் எங்கே?

ஆங்கிலத்தில் 'ஃப்ரீஸ்' என்று ஒரு வினைச்சொல். தண்ணீர் கட்டியானாலும் ஃப்ரீஸ், பயத்தில் ஆள் அசையாமல் நின்றாலும் ஃப்ரீஸ், வங்கிக் கணக்கை நிறுத்தி வைத்தாலும் ஃப்ரீஸ். தமிழில் நாம் பிரித்துச் சொல்வோம். நெய் உறையும், குளிரில் விரல் விறைக்கும், பயந்தவன் சிலையாய் நிற்பான், கணக்கை முடக்குவார்கள். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சிலும் இரண்டு சொல் உண்டு. தண்ணீருக்கும் சம்பளத்துக்கும் 'ழெலே'. கொழுப்பு கட்டிக்கொண்டாலோ ஆள் திகைத்து நின்றாலோ 'ஃபிழே'.

எந்தச் சொல்லானாலும் பொருளில் ஒன்று பொது. உறைந்தது உள்ளேயே இருக்கும். உறைந்த நெய்யை அடுப்பில் வைத்தால் அதே நெய் திரும்ப வரும். முடக்கிய கணக்கை விடுவித்தால் போட்ட பணம் அப்படியே இருக்கும்.

இப்போது 23-4-2020 தேதியிட்ட மத்திய நிதி அமைச்சக ஆணைக்கு வருவோம். கொரோனாவைக் காரணம் காட்டி அகவிலைப்படியையும், ஓய்வூதியர்களின் அகவிலை நிவாரணத்தையும் 'ஃப்ரீஸ்' செய்வதாகத் தலைப்பு. உள்ளே படித்தால், 1-1-2020 முதல் 30-6-2021 வரை நிலுவை எதுவும் கிடையாது என்கிறது. தலைப்பு ஒன்று, உள்ளே வேறொன்று. நான் பணியிலிருந்த காலத்தில் இப்படி ஒரு வரைவை மேலே அனுப்பியிருந்தால், கோப்பு அன்றே என் மேசைக்குத் திரும்பியிருக்கும்.

"உறைந்தது விகிதம்தான், 2021 ஜூலையில் 17 சதவீதம் 28 ஆகிவிட்டதே" என்பார்கள். ஆகட்டும். நடுவே போன 18 மாதம்? அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய் வாங்குபவருக்குக் கணக்குப் போடுங்கள். முதல் ஆறு மாதம் 4 சதவீதம், அடுத்த ஆறு மாதம் 7, கடைசி ஆறு மாதம் 11. மொத்தம் 26,400 ரூபாய். இப்படி மிச்சம் பிடித்தது 34,402 கோடி என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இல்லை.

நெருக்கடியில் அரசுக்குப் பணம் தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. அப்படியானால் 'வெட்டு' என்று எழுதியிருக்கலாமே! வெட்டு என்றால் சங்கம் வழக்குப் போடும், பத்திரிகை கேள்வி கேட்கும். 'ஃப்ரீஸ்' என்றால் நாளைக்கு உருகும் என்று கிழவர்கள் காத்திருப்போம். அந்தக் காத்திருப்புக்காகத்தான் அந்தச் சொல். நம் செய்தித்தாள்களும் அதையே 'முடக்கம்' என்று தமிழாக்கி அச்சிட்டன.

முடக்கியது உண்மையானால் விடுவியுங்கள். விடுவிக்க முடியாதென்றால் வெட்டினோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.