ஆறு மாதத் தவணை

ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் மகாசபை 1995-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் இயற்றிற்று. இஸ்ரேலிலுள்ள அமெரிக்க ஸ்தானிகராலயத்தை டெல் அவீவிலிருந்து ஜெருசலேத்துக்கு 1999 மே 31-ஆம் தேதிக்குள் மாற்றவேண்டுமென்பது அதன் நோக்கம். செனட் சபையில் 93 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் ஐவரே. பிரஸிடெண்ட் கிளிண்டன் அதில் கையொப்பமிடவுமில்லை, நிராகரித்துத் திருப்பியனுப்பவுமில்லை. கையொப்பமின்றியே அது அமலுக்கு வந்தது.

கெடு தவறினால், வெளிநாட்டுக் கட்டிடங்களுக்கென ஒதுக்கிய பணத்தில் பாதியைச் செலவிடலாகாதென்பது அதிலுள்ள தண்டனை. ஆனால் ஏழாம் ஷரத்தைப் பாருங்கள். தேசப் பாதுகாப்புக்கு அவசியமெனப் பிரஸிடெண்ட் கருதினால், காங்கிரஸுக்கு அறிவித்துவிட்டு, அத்தண்டனையை ஆறு மாதம் நிறுத்திவைக்கலாம். தவணை முடிந்ததும் மறுபடியும் நிறுத்திவைக்கலாம். இத்தனை முறைதான் என்ற வரம்பில்லை. விதிவிலக்கு விதியையே விழுங்குவதை நியாயஸ்தலங்களில் நாம் கண்டதுண்டு. இவ்வளவு சாவதானமாக விழுங்கியதைக் கண்டதில்லை. கிளிண்டன், புஷ், ஒபாமா மூவரும் வருஷத்துக்கு இருமுறை கையொப்பமிட்டு வந்தனர்.

கிழக்கு ஜெருசலேம் 1967 யுத்தத்தில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதி. தங்கள் வருங்கால ராஜ்யத்தின் தலைநகராகப் பாலஸ்தீனியர் அதைக் கோருகின்றனர். நகரத்தின் கதி சமாதானப் பேச்சில் நிர்ணயமாகுமுன் அங்கே ஸ்தானிகராலயம் வைப்பது தகாதென்பதே நமது அபிப்பிராயம். ஆகவே ஒத்திப்போட்டதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. ஒத்திப்போட்ட விதத்தையே கண்டிக்கிறோம். சட்டம் தவறென்று கருதியிருந்தால் அதை ரத்துச் செய்யும்படி காங்கிரஸைப் பகிரங்கமாகக் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் வோட்டுப் போய்விடுமே! சட்டம் செய்த பெருமை அங்கத்தினருக்கு, ஆபத்தைத் தவிர்த்த நிம்மதி பிரஸிடெண்டுக்கு என்று இரு சாராரும் பங்கிட்டுக்கொண்டனர். 2000-ஆம் வருஷத் தேர்தலில் ஸ்தானிகராலயத்தை மாற்றத் தொடங்குவதாக வாக்களித்த புஷ், பதவிக்கு வந்தபின் கையொப்பமிட்ட ஒத்திவைப்புப் பத்திரத்திலேயே அவ்வாக்குறுதியையும் எழுதிவைத்தார். அதைப் படித்த யூதர் எதை நம்புவது, அராபியர் எதை நம்புவது?

2017 ஜூனில் பிரஸிடெண்ட் டிரம்ப்பும் கையொப்பமிட்டார். ஆனால் டிசம்பர் 6-ஆம் தேதி ஜெருசலேமே தலைநகரென அங்கீகரித்து, ஸ்தானிகராலயத்தை மாற்ற உத்தரவிட்டார். ஏற்பாடுகள் முடியாததால் அன்றும் ஓர் ஒத்திவைப்புப் பத்திரம் வேண்டியிருந்தது! அம்மாதம் 21-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் இந்தியா உட்பட 128 தேசங்கள் இதற்கு விரோதமாக வோட்டளித்தன. வாஷிங்டனிலோ புதிய விவாதமும் வேண்டியிருக்கவில்லை, புதிய வோட்டும் வேண்டியிருக்கவில்லை. காங்கிரஸின் சம்மதம் 22 வருஷங்களாகத் தயாராகக் கிடந்தது. அதைத் தடுத்து நின்றது ஒரு மனிதரின் கையொப்பம் மட்டுமே. 2018 மே 14-ஆம் தேதி ஜெருசலேத்தில் ஸ்தானிகராலயம் திறக்கப்பட்டது. அதே தினத்தில் காஜா எல்லையில் கிளர்ச்சி செய்த பாலஸ்தீனியரில் சுமார் 60 பேர் இஸ்ரேலியத் துருப்புகளால் கொல்லப்பட்டனர்.