கடற்கரை எமது ஊரில், கல்லாப்பெட்டி யார் கையில்?

இலங்கையின் கடற்கரைகளுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் அறுகம்பேயில் அலைச்சறுக்கலுக்கு ஏற்ற அலைகள் எழும். பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் குளிக்க ஏற்ற அமைதியான கடல் இருக்கும். வடகீழ் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு கரையில் வெயில் காயும் இந்தச் சிறிய தீவு, வியாபாரிக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பாகும்.

இந்தக் கரைகளுக்குப் பக்கத்திலேயே எமது ஊர்கள் இருக்கின்றன. அறுகம்பேயை ஒட்டிப் பொத்துவில். பாசிக்குடாவுக்கு அருகே ஓட்டமாவடி, வாழைச்சேனை. பெந்தோட்டைக்கு அண்மையில் தர்கா நகர், பேருவளை. தெற்கில் காலியும் வெலிகமயும். வேறு எந்தத் துறையிலும் எமக்கு இப்படியொரு அமைவிடம் கிடைத்ததில்லை. ஆனால் இத்துறையில் எம்மவர் பலர் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்தால், காணியையும் கட்டடத்தையும் பருவத்துக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதையே காண்கிறோம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக மட்டுமே. பத்து அறைகள் கொண்ட ஒரு கட்டடத்தைப் பருவமொன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாவுக்கு ஒருவர் வாடகைக்கு விடுகிறார். எடுத்தவர் அறையொன்றை நாளொன்றுக்கு 8,000 ரூபாவுக்குக் கொடுத்து 120 இரவுகள் நிரப்பினால் வருமானம் 96 இலட்சம். செலவுக்குப் பாதியைக் கழித்தாலும் 48 இலட்சம் மிஞ்சும். அதிலிருந்து பத்து இலட்சம் வாடகை போனபின் அவர் கையில் 38 இலட்சம். இடம் எங்களுடையது, இலாபத்தின் பெரும்பங்கு அவருடையது.

“வாடகைக்காரனுக்குத் தூக்கம் கெடாது, தொழில் நடத்துபவனுக்குத்தான் தலைவலி” என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பிரயாணிகள் இந்நாட்டுக்கு வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களுடன் அந்த வரவு சரிந்தது. 2020 இல் கொவிட், 2022 இல் எரிபொருள் வரிசை. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டும் ஒக்டோபர் 23 ஆம் திகதி அறுகம்பே குறித்து அமெரிக்கத் தூதரகம் விடுத்த ஓர் எச்சரிக்கையால் அங்கே அச்சம் பரவியது. அதற்கெல்லாம் முன்னர், 2004 சுனாமி பொத்துவில் கரையைத் துடைத்தெறிந்ததை யாரும் மறக்கவில்லை. இத்துறை அடிக்கடி அடிபடும் துறைதான்.

ஆனால் அடி விழும்போது வாடகைக்காரர் மட்டும் தப்பிவிடுகிறாரா? எடுத்தவர் அடுத்த பருவத்துக்கு வராமல் போனால் பூட்டிய கட்டடமும் வங்கிக் கடனும்தான் மிச்சம். தொழில் தெரிந்தவன் சமையலைச் சுருக்கி, அறை விலையைக் குறைத்து, உள்ளூர்ப் பயணிகளைப் பிடித்தாவது ஒரு வருடத்தைத் தள்ளுவான். தொழில் தெரியாத சொந்தக்காரனுக்கு அந்த வழியும் இல்லை.

இன்னுமோர் ஆபத்தும் இருக்கிறது. உல்லாசப் பயண வீசாவில் வருபவர் இங்கே தொழில் செய்யச் சட்டம் இடமளிப்பதில்லை. வெளிநாட்டவருக்குக் காணியை உரிமை மாற்றுவதும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. குத்தகைக்கு மட்டுமே இடமுண்டு. ஆகவே பலகையில் எம்மவர் பெயர், உள்ளே கல்லாப்பெட்டியில் பிறர் என்ற ஏற்பாடுகள் நடக்கின்றன. நாளை பிரச்சினை வந்தால் வெளிநாட்டவர் விமானம் ஏறிவிடுவார். பதில் சொல்ல வேண்டியவர் பெயர் கொடுத்தவர். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெளிநாட்டவர் ஏற்பாடு செய்த விருந்தொன்று நாடளாவிய சர்ச்சையானதை நாம் பார்த்தோம். பெயரை வாடகைக்கு விடுவது காணியை வாடகைக்கு விடுவதைவிட மோசமான வியாபாரம்.

மதுவும் களியாட்டமும் இல்லாமல் இத்தொழிலை நடத்த முடியாது என்று ஒதுங்குவோரும் எம்மிடையே உள்ளனர். அவர்களின் தயக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் விருந்தினர் விடுதியொன்றுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதை எண்ணிப் பாருங்கள்: மீன், கோழி, மரக்கறி, பழம், ஐஸ், குடிநீர், படுக்கை விரிப்பு, துவைப்பு, வேன், முச்சக்கர வண்டி, மின் வேலை, குழாய் வேலை. இவற்றில் எது எமக்குத் தெரியாத வியாபாரம்? புடவைக் கடையும் பலசரக்கும் பரம்பரையாக நடத்தும் சமூகம், விடுதிகளுக்குச் சாமான் வழங்கும் ஒப்பந்தத்தை வெளியூர்க்காரருக்கு விட்டுக்கொடுப்பதற்கு நியாயம் இல்லை. அதிகாலையில் அலைக்குப் போய்த் திரும்பும் இளைஞனுக்கு வேண்டியது சுத்தமான அறையும் சூடான ரொட்டியும் தேநீரும்தான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பதிவு. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவும் பிரதேச சபையின் அனுமதிப்பத்திரமும் இல்லாமல் இயங்குவது இலாபமாகத் தெரியலாம். ஆனால் வங்கிக் கடன், காப்புறுதி என்று வரும்போது கடதாசி இல்லாதவன் கடைசி வரிசையில்தான் நிற்பான். கடற்கரையில் கட்டுவதற்கு முன் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும் பெற வேண்டும். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதைப் பலர் இடித்த பிறகுதான் அறிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது, கிழக்கும் தெற்கும் கைகோர்ப்பது. நவம்பரில் பொத்துவில் விடுதிக்காரர் கதவைச் சாத்தும்போது வெலிகமயில் பருவம் தொடங்குகிறது. சமையற்காரர், அலைச்சறுக்கல் பயிற்றுநர், வேன், பலகைகள் எல்லாம் அங்கே சும்மா கிடக்க, இங்கே ஆளுக்கும் பொருளுக்கும் தட்டுப்பாடு. பொத்துவிலில் ஒருவரும் வெலிகமயிலோ பேருவளையிலோ ஒருவரும் எழுத்து மூலமான பங்காளிகளானால், ஆறு மாத வியாபாரம் பன்னிரண்டு மாத வியாபாரமாகும். வேலை தெரிந்த பிள்ளைகள் பருவம் முடிந்ததும் வளைகுடாவுக்கு விண்ணப்பிக்க வேண்டிய தேவையும் குறையும். பங்காளித்துவம் வாய்ச் சொல்லில் இருக்கக் கூடாது. யார் எவ்வளவு போட்டார், நட்டத்தை யார் எப்படிச் சுமப்பது என்பதெல்லாம் முதல் நாளே எழுத்தில் வர வேண்டும்.

மூன்றாவது, கையிருப்பு. நல்ல பருவத்து இலாபத்தில் நான்கில் ஒரு பங்கையாவது தொடாமல் வைக்க வேண்டும். 2019 முதல் 2022 வரை நாம் கட்டிய பாடசாலைக் கட்டணம் அது. அந்தப் பணத்தை இன்னொரு மாடி கட்டுவதில் போட்டவர் அடுத்த அதிர்ச்சியில் அந்த மாடியையே விற்க நேரிடலாம்.

சொந்தமாக நடத்தத் துணிவில்லாதவர்கள் குறைந்தபட்சம் ஒப்பந்தத்தையாவது மாற்றலாம். முழு வாடகைக்குப் பதிலாக அடிப்படை வாடகையும் விற்பனையில் ஒரு பங்கும் கேளுங்கள். மகனையோ மருமகனையோ அங்கே வேலைக்கு அமர்த்தும் நிபந்தனையையும் சேருங்கள். இரண்டு பருவத்தில் கணக்கும் தெரியும், வாடிக்கையாளரும் தெரியும். மூன்றாம் பருவத்தில் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை அப்போது நிதானமாகத் தீர்மானிக்கலாம்.