'இருசமம்' என்ற சொல் குறித்து

பாக்டீரியா பெருகும் விதத்தை 'இருசமப் பிளவு' என்று எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் 'சமம்' எனக்கு நெடுநாளாக உறுத்தல். கொழுக்கட்டை மாவை இரண்டாகக் கிள்ளுவது போன்ற ஓர் எண்ணத்தை அது தந்துவிடுகிறது.

குடலில் வாழும் ஈ.கோலையின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். அதன் டி.என்.ஏ.வை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டும். இத்தகைய நூலைப் படியெடுத்து, சிக்கின்றிப் பிரித்து, இரு மகவுக்கும் ஒவ்வொன்றாகத் தரவேண்டும். எப்படி? 1963இல் ஜேக்கப், பிரென்னர், கூஸான் மூவரும் ஒரு விடை சொன்னார்கள்: குரோமோசோம்கள் செல்சவ்வில் ஒட்டியிருக்கின்றன; இடையே சவ்வு வளர, அவை தாமாக விலகுகின்றன. அழகான கருத்துதான். ஆனால் அதில் குரோமோசோம் வெறும் பயணி.

பல பாக்டீரியாக்களில் நடப்பது வேறு. படியெடுப்பு தொடங்கும் இடத்தருகே பார்-பி என்னும் புரதம் டி.என்.ஏ.வைக் கவ்வுகிறது. அந்தக் கவ்வல் சி.டி.பி. என்ற மூலக்கூறின் துணையால் நிகழ்வது 2019இல்தான் தெரியவந்தது. டி.என்.ஏ. மீது பரவிக் கிடக்கும் பார்-ஏ புரதத்தைத் தொட்டுத்தொட்டு உதிர்த்தபடி, அது இன்னும் மிஞ்சியிருக்கும் பக்கம் நோக்கி பார்-பி நகர்கிறது. குரோமோசோமும் உடன் செல்கிறது. (ஈ.கோலையின் குரோமோசோமில் இந்த ஏற்பாடு கிடையாது. அதனுள் குடியேறும் எஃப் பிளாஸ்மிட் இதையொத்த ஒன்றைத் தானே கொண்டுவருகிறது. வீட்டுக்காரரிடம் இல்லாத பண்டம் வாடகைக்காரரிடம்!)

என்னை வியக்கவைப்பது இதற்கு அடுத்த செய்தி. காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸில், செல் வளரும் முனையிலுள்ள டிவ்-ஐ.வி.ஏ. புரதத்தோடு பார்-ஏ கைகோத்திருக்கிறது. பார்-ஏவை நீக்கினால் குரோமோசோம் இல்லாத வெற்றுச் செல்கள் தோன்றுகின்றன, வளர்ச்சியும் குன்றுகிறது. பேசிலஸ் சப்டிலிஸில் இதன் இணைப்புரதம் படியெடுப்பின் தொடக்கத்தையே கட்டுப்படுத்துகிறது. வளர்ச்சி பங்கீட்டை நடத்துகிறது என்றார்கள். பங்கிடும் கையிலும் வளர்ச்சியின் கடிவாளம் இருக்கிறது.

அப்படிக் கிடைக்கும் மகவுகளாவது சமமா? காலோபாக்டரில் ஒன்று காம்போடு ஒட்டி நின்று உடனே படியெடுக்கத் தொடங்கும். மற்றது நீந்தித் திரிந்து காத்திருக்கும். மைக்கோபாக்டீரியாவில் பழைய முனை மிகுதியாக வளர்வதால் மகவுகள் அளவில் வேறுபடுகின்றன. மருந்துக்கு மடிவதிலும் வேறுபடுகின்றன என்று 2012இல் காட்டினார்கள். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து உண்ண நேர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் எனக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 'சமம்' என்று படித்து வளரும் மாணவனுக்கு இந்தக் கேள்வியே எழாது.

'இருகூறாதல்' என்று சொன்னால் போதாதா?