பெயரைப் போடுங்கள்

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. ‘இரும்புக்கை மாயாவி’. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். திருச்செந்தூர் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் அதை வாங்கிப் படித்த சிறுவன் இன்று 60 வயதைக் கடந்த பெரியவர். அவரிடம் கேளுங்கள். கதையை ஒரு கட்டம் விடாமல் சொல்வார். வரைந்தவர் யார் என்று கேளுங்கள். விழிப்பார்.

அது அவர் குற்றம் அல்ல. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பிறந்த ஸ்பானியர். கதையைத் தொடங்கியவர் கென் பல்மர். தொடர்ந்தவர் டாம் டல்லி. 1962இல் லண்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் அந்தக் கதை தொடங்கியது. அங்கே பெயர் இல்லை. தமிழுக்கு வந்தபோதும் பெயர் இல்லை. மாயாவி மறைந்தபோது கையாவது தெரிந்தது. அவனை வரைந்தவரின் கை கடைசிவரை தெரியவில்லை.

லண்டன் நிறுவனங்கள் இதை மறதியால் செய்யவில்லை. பெயர் தெரிந்தால் கலைஞன் கூலி உயர்த்திக் கேட்பான். போட்டிப் பத்திரிகை அவனை அழைத்துக்கொள்ளும். அதனால் மறைத்தார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து முழு உரிமையையும் எழுதி வாங்கினார்கள். 1977இல் ‘2000 ஏடி’ இதழ் வந்த பிறகுதான் அந்த வழக்கம் உடையத் தொடங்கியது. அந்தக் கஞ்சத்தனத்தையும் கதையோடு சேர்த்து நாம் இறக்குமதி செய்தோம். இறக்குமதி செய்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் தமிழ்ச் சிறுவர்களைப் பைத்தியமாக்கினான். அந்த ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். உலகமே அறிந்த அந்த எழுத்தாளர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்திருந்தார். நமக்குத் தெரியாது. பெயர் இல்லை.

சீகலின் கதையைப் பதிப்பாளர்கள் ஒருமுறை படிக்கட்டும். 1938இல் அவரும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனின் முழு உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். நிறுவனம் கோடிகளில் புரண்டது. படைத்தவர்கள் வறுமையில் கிடந்தார்கள். சீகல் எழுத்தராக வேலை பார்த்தார். ஷூஸ்டருக்குக் கண் பார்வை கிட்டத்தட்டப் போயிற்று. 1975இல் சீகல் வெளிப்படையாகப் போராடினார். ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் போன்ற காமிக்ஸ் ஓவியர்கள் உடன் நின்றார்கள். அதன் பிறகே ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை வந்தது. பெயரும் திரும்பியது. அந்த 130 டாலர் அடங்கிய பழைய காசோலை 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. கலைஞனுக்குக் கொடுத்த கூலியைவிடக் கூலி எழுதிய தாளுக்கு விலை அதிகம்.

அமெரிக்காவில் நடந்தது என்று தள்ளிவிட வேண்டாம். சென்னையில் நடந்ததைச் சொல்கிறோம்.

‘அம்புலிமாமா’வின் தொடர்கதைகளுக்காக மாதம் முழுவதும் காத்திருந்த தலைமுறை இது. அவற்றில் பலவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமணியம். அரை நூற்றாண்டு அந்த நிறுவனத்தில் உழைத்தார். கதைகளோடு அவர் பெயர் வரவில்லை. 2010இல் மறைந்தார். பல மொழிக் குழந்தைகள் அவர் கதையைப் படித்து வளர்ந்தார்கள். ஒரு குழந்தைக்கும் அவர் பெயர் தெரியாது.

அதே இதழில் விக்ரமாதித்தனையும் வேதாளத்தையும் வரைந்தவர் சங்கர். கே. சி. சிவசங்கரன். 1952இல் சேர்ந்தார். 60 ஆண்டுகள் வரைந்தார். தோளில் பிணம், கையில் வாள், சுடுகாட்டுப் பாதை. அந்தப் படம் இல்லாமல் வேதாளக் கதையை நினைக்க முடியுமா? 2020 செப்டம்பரில், 96ஆம் வயதில் மறைந்தார். பத்மஸ்ரீ 2021இல் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்த 96 ஆண்டுகளில் அரசுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வாண்டுமாமாவுக்கு அதுவும் இல்லை. புதுக்கோட்டை அரிமளத்துக்காரர். இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. கோகுலம், பூந்தளிர் இதழ்களில் குழந்தைகளுக்காகவே வாழ்ந்தார். தமிழ்ச் சித்திரக்கதைக்குத் தமிழ் மண்ணிலேயே கதை சொன்னவர். 2010இல் சாகித்ய அகாதெமி சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்ய புரஸ்கார் விருதைத் தொடங்கியது. அவர் 2014வரை இருந்தார். விருது அவரைத் தேடி வரவில்லை. அவருடைய கதைகளுக்குப் படம் வரைந்த செல்லத்தின் நிலை இன்னும் மோசம். விருது எழுத்தாளனுக்கு மட்டும்தான். பாதிக் கதையைக் கோட்டில் சொன்னவனுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. இந்த விதியை வகுத்தவர்கள் ஒரு சித்திரக்கதையையாவது புரட்டிப் பார்த்தார்களா?

இனி நம் வாசலுக்கு வருவோம். தினத்தந்தியை 1942இல் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் காயாமொழியில் பிறந்தவர். எங்கள் திருச்செந்தூருக்குப் பக்கத்து ஊர். அந்த நாளிதழில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ ஒரு தலைமுறையைத் தாண்டி, அடுத்த தலைமுறையையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே அதில் கற்றவர்கள் எங்கள் ஊரில் உண்டு. சிந்துபாத் கப்பல் ஏறிய கடல் எங்களுக்கு மணப்பாட்டுக் கடல்தான். சிந்துபாத்தைத் தெரியும். லைலாவைத் தெரியும். மந்திரவாதி மூசாவைத் தெரியும். தொடக்க காலத்தில் தினம் தினம் அதை வரைந்த ஓவியர் கணுவை எத்தனை பேருக்குத் தெரியும்?

தெருவில் இறங்கிக் கேட்டுப் பாருங்கள். தேநீர்க் கடையில் கேளுங்கள். ‘முடியாத கதை’ என்று கேலி செய்வார்கள். முடியாத உழைப்பு என்று ஒருவரும் சொல்வதில்லை. ஞாயிறும் திங்களும் பாராமல் ஒருவர் மேசையில் குனிந்து கோடு போட்டிருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர்களும் போட்டிருக்கிறார்கள். யார் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை வரைந்தார்? கதை எழுதியவர் யார்? இந்த முழுப் பட்டியலை நாளிதழே வெளியிட வேண்டும். ஒரு பக்கம் போதும். அரைப் பக்கம்கூடப் போதும்.

பெயர் போடுவது பெருந்தன்மை அல்ல. சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு படைத்தவனுக்குத் தனி உரிமை தருகிறது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை போகாது. பணம் கொடுத்து வாங்கிவிட்டோம் என்ற பதில் இங்கே செல்லாது. படத்தை வாங்கலாம். வரைந்தவனை வாங்க முடியாது.

பழைய காமிக்ஸ் இதழ்கள் இன்று சேகரிப்பாளர்களிடையே பெரும் விலைக்குக் கைமாறுகின்றன. மறுபதிப்புகள் வருகின்றன. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், புது வண்ணம். எல்லாவற்றுக்கும் செலவு செய்ய முடிகிறது. பெயருக்குச் செலவே இல்லை. அதைச் செய்யாத பதிப்பாளருக்குச் சாக்கும் இல்லை. மறுபதிப்பு அச்சுக்குப் போகும் முன் முதல் பக்கத்தில் இரண்டு வரி சேருங்கள். கதை: இன்னார். சித்திரம்: இன்னார். தமிழாக்கம் செய்தவர் பெயரையும் சேருங்கள். அவரும் இதுவரை ஆளில்லாத ஆள்தான்.

அரசும் தப்ப முடியாது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் தங்கள் புத்தகங்களைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்க் காமிக்ஸ் இதழ்களில் எத்தனை அங்கே பத்திரமாக இருக்கின்றன? நூலகத் துறை எண்ணிச் சொல்லட்டும். இல்லாதவற்றைத் தேடி வாங்கட்டும். எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கிக் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை தரும் திட்டம் சித்திரக்கதை ஓவியனின் குடும்பத்துக்கும் விரியட்டும். எங்கள் ஊரில் 1965 முதல் ஆதித்தனார் கல்லூரி நடக்கிறது. நாளிதழ்ச் சித்திரக்கதைக்கு ஒரு காப்பகம் வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் உண்டா?

அந்தக் காலத்து ஓவியர்களில் எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டியவை நிறைய இருக்கின்றன. சங்கருக்குச் செய்ததைப் போல இவர்களுக்கும் செய்யாதீர்கள். நாளைய கன்னித்தீவு இன்றிரவு அச்சேறுகிறது. பட்டியல் எப்போது அச்சேறும்?