ஏணியும் இரத்தப்பழியும்

"ஆண்டவர் அழைத்துக்கொண்டார்" என்கிறோம். சாரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ விழுந்து, முதுகெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் கிடையாய்க் கிடந்து மரித்த தொழிலாளியை அடக்கம் செய்யும்போது இச்சொல் எளிதாக வந்துவிடுகிறது. அவரோடு குற்றமும் புதைந்துபோகிறது. ஏணியின் கயிறு இற்றதற்கு ஆண்டவரைக் காரணம் காட்டுவது, அவர் பெயரை வீணாகச் சொல்லும் பாவமே.

சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்களே பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு ஏற்கவில்லை. மோசேயின் சட்டமோ இன்னும் வெளிப்படையானது. புது வீட்டின் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லாமல் எவரேனும் விழுந்து இறந்தால், பழி அவ்வீட்டையே சேரும் (இணைச்சட்டம் 22:8). விழுந்தவர் கவனமாக இருந்தாரா, குடித்திருந்தாரா என்று அங்கே விசாரணை இல்லை. நாமோ முதலில் கேட்பது அதைத்தான்.

2025 மார்ச் 1 அன்று, தேங்காய்ப்பட்டணத்தை அடுத்த இனயம் புத்தன்துறையில், ஆலயத் திருவிழா அலங்காரப் பணியின்போது உயரமான இரும்பு ஏணி மின்கம்பியில் உரசி நால்வர் மாண்டனர். அது விழுந்து நேர்ந்த சாவன்று. ஆயினும் ஏணி ஏணிதான். அன்று கண்ணீர் விட்ட நாம், மறுநாள் நம் வீட்டு ஏணியை எடுத்துப் பார்த்தோமா?

நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரைவிட்டு விலகி நிற்க வேண்டும். ஏறி இறங்கும் தளத்துக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும். தலைப்பைக் கட்டியிருக்க வேண்டும். மின்கம்பி செல்லும் பக்கம் உலோக ஏணியே கூடாது. இதற்கு ஆகும் செலவு சில முழம் கயிறு. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது என்றறிந்த நம் மீனவர், வலையைச் சோதிக்காமல் கடலுக்குப் போவதுண்டா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். 1996-ஆம் ஆண்டின் மத்தியக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் ஒருவர் தமக்கென்று கட்டிய வீட்டைத் தன் வரம்புக்கு வெளியே விட்டது. வெளிநாட்டு வருவாயில் எழுந்த நம் ஊர் வீடுகள் எத்தனை அவ்வரம்புக்குள் ஒளிந்துகொண்டன! ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், சில சித்தாள்கள்; ஆய்வாளர் எட்டிப் பார்க்காத இடம். தமிழகத்தில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. ஆளை வேலைக்கு அழைக்குமுன், அதில் பதிந்திருக்கிறாயா என்று கேட்ட வீட்டுக்காரர் எவரையும் நான் கண்டதில்லை.

என்னையும் விலக்கவில்லை. கெபி கட்டிய கணக்கில் சிமெண்டு, மணல், வர்ணம், விளக்கு, மதிய உணவு என்று ஒவ்வொன்றும் பார்த்துக் கையொப்பமிட்டேன். தலைக்கவசத்துக்கும் இடுப்புக் கயிற்றுக்கும் அதில் ஒரு வரி இல்லை. இல்லையென்று அன்று எனக்குத் தோன்றவுமில்லை. பாதுகாப்பான பணிச்சூழல் தொழிலாளியின் உரிமை என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் எழுதியதைக் குருமடத்தில் படித்தவன் நான்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், ஆலயக் கொட்டகையிலுள்ள இரண்டு ஏணிகளையும் முற்றத்தில் கிடத்தச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கோடாரியும் இருக்கும்.