பொட்டலம் வேண்டாம், பந்தி போடுங்கள்

டெல்டாவில் கிறிஸ்துமஸ் விருந்துக்கான ஏற்பாடு டிசம்பரில் தொடங்குவதில்லை. தரங்கம்பாடி, பொறையார், செம்பனார்கோவில் பக்கத்துத் தலித் கிறிஸ்தவத் தெருக்களில் குறுவை நடவு நடக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. நடவுக் கூலியில் வாரம் 50 ரூபாய் சீட்டுக் கட்டினால் 25 வாரத்தில் 1,250 ரூபாய் சேரும். பலகாரத்துக்கு ஒரு சீட்டு, கறிக்கு ஒரு சீட்டு என்று இரண்டு கட்டும் வீடுகளும் உண்டு. கட்டுபவர்களும் பெண்கள், கணக்கு வைப்பவர்களும் பெண்கள்.

இவ்வளவு முன்னதாக ஏன் என்று கேட்பவர்களுக்கு நம் வயல் கணக்கு தெரியாது என்று அர்த்தம். குறுவை அறுவடைப் பணம் தீபாவளியோடு தீர்ந்துவிடும். சம்பா நடவு முடிந்து, களை பறிப்பும் முடிந்தால், தை அறுவடை வரை வயலில் கைக்கு வேலை இல்லை. அந்த அறுவடையிலும் இப்போது இயந்திரம்தான் இறங்குகிறது. நடுவில் அடைமழை வேறு. டெல்டா விவசாயக் கூலிக் குடும்பத்தின் கையில் காசே இல்லாத மாதம் டிசம்பர். பண்டிகை வருவதோ அந்த மாதத்தில்தான்.

அதனால் எல்லாமே முன்கூட்டியே நடக்க வேண்டும். விறகை ஐப்பசி மழைக்கு முன்பே உலர்த்தி அடுக்கியாக வேண்டும். நனைந்த விறகில் பிரியாணிக்குத் தம் போட முடியாது. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாவுக்கு முன்பணம் கொடுத்து, அறுத்த பிறகு கூறு போட்டுக்கொண்டால் கடை விலையைவிடக் குறைவாக விழும். வாடகைப் பாத்திரக் கடையில் அண்டாவுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அதிரச மாவுக்குப் பாகு காய்ச்சி இரண்டு நாளாவது புளிக்க விட வேண்டும். இந்தத் திட்டமிடலை எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை. பண்டிகையன்று யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்ற வைராக்கியம் கற்றுத்தந்தது.

ஆனால் கூலி வராவிட்டால் திட்டம் என்ன செய்யும்? 2024 நவம்பர் கடைசியிலிருந்து நூறு நாள் வேலைக்கான கூலி தமிழ்நாட்டுக்கு வரவில்லை. 1,056 கோடி ரூபாய் நிலுவையை விடுவிக்கக் கோரி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதியது 2025 ஜனவரியில். அதற்குள் கிறிஸ்துமஸ் போய்விட்டது. அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கே மூன்று நாள் உழைப்பு வேண்டும். அதுவும் வராத கூலி. அப்படிப்பட்ட டிசம்பரில் சீட்டுப் பணம் மளிகைக்குப் போகும். விருந்து, நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணையாக மாறி அடுத்த ஆடி வரை துரத்தும். அரசு ஊழியருக்குப் பண்டிகை முன்பணம் உண்டு. களை பறிப்பவருக்கு, ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான கூலியையாவது டிசம்பர் 20-க்குள் கொடுங்கள் என்று கேட்பது சலுகையா?

கூலிக்கும் டிசம்பர் 25-க்கும் இந்த மண்ணில் வேறொரு தொடர்பும் இருக்கிறது. 1968-ல் இதே நாள் இரவில்தான் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூலி நெல்லில் சிறிய உயர்வு. நம் பக்கத்தில் அந்த நாளில் ஒருபுறம் ஆலய மணி அடிக்கிறது, மறுபுறம் வெண்மணி நினைவிடத்தில் அஞ்சலி நடக்கிறது. அரை வயிற்றுக்கும் முழு வயிற்றுக்கும் நடுவே இருந்த தூரத்துக்கு உயிர் விலை கொடுத்த நாளில் நாம் விருந்து பற்றிப் பேசுகிறோம்.

இனி வெளியாரை விட்டுவிட்டு நம் சபைகளுக்குள் வருவோம். சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் பெருகியிருக்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். பிரியாணிப் பொட்டலம் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். கொடுப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. பலர் மனதாரக் கொடுக்கிறார்கள். ஆனால் பொட்டலத்தில் ஒரு வசதி இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதும், கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை.

கூட உட்காருவதில் உள்ள சிக்கல் இங்கே இன்று முளைத்தது அல்ல. 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில், 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் என்பவருக்கு முதல் இந்தியச் சீர்திருத்தத் திருச்சபைப் போதகராகக் குருப்பட்டம் தரப்பட்டது. அவர் வேளாளர். அதே மிஷனில் இராஜநாயக்கன் என்றொரு தலித் உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். தஞ்சைப் பகுதியில் பல சபைகளை எழுப்பியவர். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவே இல்லை. அவர் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மதிக்க மாட்டார்கள் என்ற தயக்கத்தை மிஷனரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு ரசம். அதைக் கொடுக்கக்கூட அந்தக் கை ஆகவில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்தில் தலித் கத்தோலிக்கர்கள், ஆலயத் திருவிழாவில் சமமாகப் பங்கேற்க விடுவதில்லை என்று உயர் நீதிமன்றம் போய், 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதி இல்லை. அதை மாற்றக் கோரி நம் சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டும் நிலைமை மாறவில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத சாதி, பந்தியில் மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ!

எங்கள் சபையில் பொதுப் பந்தி நடக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நடக்கிறது, மகிழ்ச்சி. தென்மாவட்டங்களில் அசனப் பண்டிகை என்று ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக உண்பதும் உண்டு. நான் கேட்பது அடுத்த கேள்வி. கரண்டி யார் கையில்? தலித் தெருப் பெண்கள் பாத்திரம் கழுவவும் வெங்காயம் உரிக்கவும் அழைக்கப்பட்டு, அடுப்பங்கரைப் பொறுப்பு வேறு ஆளிடம் இருந்தால் அது பாதிப் பந்திதான். உணவுப் பட்டியலும் அப்படியே. ‘எல்லாரும் சாப்பிட வேண்டுமே’ என்று சொல்லி முதலில் விலக்கப்படுவது எப்போதும் மாட்டுக்கறிதான். பல வீடுகளில் பண்டிகைக்கு வாங்க முடிகிற கறியே அதுதான். சாப்பிடாதவர்களுக்குக் கோழியோ சாம்பாரோ தனியாக வைக்கலாம், யாரும் தடுக்கவில்லை. எப்போதும் ஒரே தரப்பு மட்டும் தன் சட்டியை வீட்டில் வைத்துவிட்டு வருவதற்குப் பெயர் ஐக்கியம் அல்ல.

கிறிஸ்துமஸ் செலவுக்கான சபைக் கமிட்டிக் கூட்டங்கள் இந்த வாரங்களில்தான் நடக்கின்றன. சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி, குடில், காலண்டர் என்று கணக்கு ஓடும். அந்தப் பட்டியலில் பொதுப் பந்தியை முதல் வரியாக எழுதுங்கள். பொட்டலத்துக்கு ஒதுக்கிய பணத்தையும் அதில் சேருங்கள். தெருப் பெண்களின் சீட்டுக் குழுவைச் சமையல் கமிட்டியாக்கி, பணத்தை அவர்கள் கையில் முன்னதாகவே கொடுங்கள். கிடா விலை பேசவும் அரிசி மூட்டை பிடிக்கவும் அவர்களைவிடத் தெரிந்தவர்கள் உங்கள் கமிட்டியில் இல்லை. சமைப்பவர்கள் பெயரையும், பந்தி ஆலய வளாகத்திலேயே நடக்கும் என்பதையும் டிசம்பர் முதல் ஞாயிறு அறிவிப்பில் வாசித்துவிடுங்கள். வர மனமில்லாதவர்கள் யார் என்பது அப்போதே தெரிந்துவிடும். அரிசியை அதற்கேற்பக் குறைத்துப் போடலாம்.